சட்டமும் குடியரசுத் தலைவரும்

மத்திய அரசின் அமைச்சகங்களிலிருந்து வெளிவரும் முறையான ஆணைகள் பலவற்றின் இறுதியில், 'குடியரசுத் தலைவரின் ஆணைப்படியும் அவர் பெயராலும்' என்ற தொடர் காணப்படுவது வழக்கம். அதன்கீழ் ஒரு சார்புச் செயலாளரோ துணைச் செயலாளரோ கையொப்பமிடுகிறார். அந்த ஆணையைக் குடியரசுத் தலைவர் படித்திருக்கமாட்டார். பெரும்பாலும் அது பிறப்பிக்கப்பட்டதையே அறிந்திருக்கமாட்டார். ஆயினும் சட்டத்தின் பார்வையில் அது அவருடைய ஆணையே. மறுபுறம், பாராளுமன்றத்தின் இரு அவைகளும் நீண்ட விவாதத்திற்குப் பின் ஒருமனதாக நிறைவேற்றிய மசோதாவும், அவர் ஒப்புதல் அளிக்கும்வரை வெறும் காகிதமே. எல்லா அதிகாரமும் ஒருவர் பெயரில் அமைந்திருக்க, அவர் தாமாக எதையும் செய்ய இயலாது என்றும் சொல்லப்படுகிறது. இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே பொருந்துகின்றன என்பதை அறிந்துகொள்வது, அரசியல் சட்டத்தைப் பயிலும் மாணவர்களுக்கும் அதன்கீழ்ப் பணியாற்றும் அலுவலர்களுக்கும் ஒருசேரத் தேவையானதாகும்.

பாராளுமன்றத்தின் ஓர் அங்கம்

பாராளுமன்றம் என்றதும் மக்களவையும் மாநிலங்களவையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அரசியல் சட்டத்தின் 79-ஆவது விதி, குடியரசுத் தலைவரும் இரு அவைகளும் சேர்ந்ததே பாராளுமன்றம் என்று வரையறுக்கிறது. அவர் எந்த அவையிலும் உறுப்பினர் அல்லர், விவாதங்களில் கலந்துகொள்வதில்லை. எனினும் அவையைக் கூட்டுவதும், கூட்டத்தொடரை முடித்துவைப்பதும், மக்களவையைக் கலைப்பதும் 85-ஆவது விதிப்படி அவர் பெயராலேயே நடைபெறுகின்றன. ஒரு கூட்டத்தொடருக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறு மாதம் கடந்துவிடக் கூடாது என்பது அவ்விதியில் அடங்கிய முக்கியமான கட்டுப்பாடு. பொதுத் தேர்தலுக்குப் பின் வரும் முதற்கூட்டத்திலும் ஒவ்வோர் ஆண்டின் முதற்கூட்டத்திலும் அவர் நிகழ்த்தும் உரை, அரசின் கொள்கையையும் சட்டத் திட்டங்களையும் எடுத்துரைக்கும் உரையாகும். அதைத் தயாரிப்பது அமைச்சரவை.

சில மசோதாக்களை அவருடைய முன் பரிந்துரை இல்லாமல் அவையில் அறிமுகப்படுத்தவே இயலாது. பண மசோதாக்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. அரசின் தொகுப்பு நிதியிலிருந்து செலவு ஏற்படுத்தும் மசோதாவை அறிமுகப்படுத்தத் தடையில்லை. ஆனால் அவரது பரிந்துரையின்றி அவை அதை நிறைவேற்ற முடியாது. செலவுக்குப் பொறுப்பேற்க வேண்டிய அரசின் அறிவுக்கு எட்டாமல் செலவுத் திட்டம் எதுவும் சட்டமாகிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

மாநிலங்களின் எல்லைகளையோ பெயர்களையோ மாற்றும் மசோதாவுக்கும் 3-ஆவது விதிப்படி அவருடைய பரிந்துரை தேவை. அத்தகைய மசோதாவை, தொடர்புடைய மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தறிய அவர் அனுப்பிவைத்து அதற்குக் காலமும் குறிக்கவேண்டும். ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்பு மசோதாவை அவ்வாறு அனுப்பியபோது சட்டமன்றம் மேலும் அவகாசம் கேட்டது. ஒரு வார காலம் நீட்டித்துத் தரப்பட்டது. 2014 ஜனவரி இறுதியில் சட்டமன்றம் மசோதாவை நிராகரித்தது. எனினும் கருத்தறிவது கட்டாயமேயன்றி அக்கருத்தை ஏற்பது கட்டாயமன்று என்பதால், பாராளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. தெலங்கானா தனி மாநிலமாயிற்று.

ஆலோசனையின் கட்டு

இவ்வதிகாரங்களை அவர் தம் விருப்பப்படி பயன்படுத்தலாமா என்ற கேள்வி, குடியரசு பிறந்த சில ஆண்டுகளிலேயே எழுந்தது. ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் இருப்பதாக 53-ஆவது விதி கூறுகிறது. அவருக்கு உதவவும் ஆலோசனை கூறவும் பிரதமரைத் தலைவராகக் கொண்ட அமைச்சரவை இருக்கும் என்று 74-ஆவது விதி கூறுகிறது. அந்த ஆலோசனைக்கு அவர் கட்டுப்பட்டவர் என்று தொடக்கத்தில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், பிரிட்டனின் மன்னருக்கு உள்ள நிலையே இந்தியக் குடியரசுத் தலைவருக்கும் இருக்கும் என்று விளக்கியிருந்தார். மரபே போதுமானது என்று கருதப்பட்டது.

1951-இல் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா விவாதத்தில் இருந்தபோது, அதில் தம் சொந்த முடிவின்படி நடக்க விரும்புவதாக டாக்டர் ராஜேந்திர பிரசாத் பிரதமர் நேருவுக்கு எழுதினார். நேரு, அட்டர்னி ஜெனரல் எம்.சி. சேதல்வாட், அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் ஆகியோரின் கருத்தைக் கோரினார். அமைச்சரவையின் ஆலோசனைப்படியே குடியரசுத் தலைவர் செயல்பட வேண்டும் என்று இருவரும் கூறினர். பின்னர், 1960 நவம்பரில் இந்தியச் சட்டக் கழகத்தில் பேசுகையில், குடியரசுத் தலைவரின் அதிகாரங்களை ஆராய வேண்டும் என்று ராஜேந்திர பிரசாத் மீண்டும் வலியுறுத்தினார். இதற்கான விடையை உச்ச நீதிமன்றம் படிப்படியாகத் தந்தது. 1955-இல் ராம் ஜவாயா கபூர் வழக்கிலும், 1974-இல் ஏழு நீதிபதிகள் விசாரித்த ஷம்ஷேர் சிங் வழக்கிலும், குடியரசுத் தலைவர் பெயரளவு நிர்வாகத் தலைவரே என்றும், உண்மையான அதிகாரம் பாராளுமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சரவையிடம் உள்ளது என்றும் தெளிவாக்கப்பட்டது.

மரபாக இருந்ததை எழுத்தில் பொறித்தது 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம். ஆலோசனைப்படியே அவர் செயல்பட வேண்டும் என்று அது விதித்தது. 1978-இல் நிறைவேறிய 44-ஆவது திருத்தம் அதனுடன் ஒரு சிறு வாயிலைத் திறந்துவைத்தது. அமைச்சரவை தன் ஆலோசனையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அவர் ஒருமுறை கேட்கலாம். மறுபரிசீலனைக்குப் பின் வரும் ஆலோசனைக்கு அவர் கட்டுப்பட்டவர். 78-ஆவது விதியோ, நிர்வாகம் பற்றியும் சட்டத் திட்டங்கள் பற்றியும் அவர் கேட்கும் தகவல்களைத் தருவது பிரதமரின் கடமை என்கிறது. கேட்டறியும் உரிமை, மறுமுறை எண்ணச் சொல்லும் உரிமை என்னும் இவ்விரண்டுமே அவருக்கு எஞ்சியிருப்பவை. இவை சிறியனவாகத் தோன்றலாம். ஆனால் பயன்படுத்தப்பட்ட இடங்களில் இவற்றின் விளைவு சிறியதன்று.

மத்திய அமைச்சரவை 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்திலும், 1998 செப்டம்பரில் பீகாரிலும் 356-ஆவது விதிப்படி குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரப் பரிந்துரைத்தது. இருமுறையும் கே.ஆர். நாராயணன் மறுபரிசீலனை கோரினார். இருமுறையும் அமைச்சரவை அப்போதைக்குப் பின்வாங்கியது. இரு அரசுகளும் வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்தவை என்பது இங்குக் கருதத்தக்கது.

ஒப்புதலும் மறுப்பும்

இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதா 111-ஆவது விதிப்படி குடியரசுத் தலைவரிடம் வருகிறது. அவர் ஒப்புதல் அளிக்கலாம்; ஒப்புதலை நிறுத்திவைப்பதாக அறிவிக்கலாம்; பண மசோதா அல்லாதவற்றை, மறுபரிசீலனை செய்யுமாறு கூறி அவைகளுக்குத் திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பிய மசோதாவை அவைகள் திருத்தத்துடனோ திருத்தமின்றியோ மீண்டும் நிறைவேற்றினால், ஒப்புதலை மறுக்க அவருக்கு உரிமையில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அதிபர் தடுத்த மசோதாவை மீட்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவை. இங்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். தடுப்பது அன்று, மறுசிந்தனைக்கு இடம் தருவதே இவ்விதியின் நோக்கம் என்பது இதிலிருந்து புலப்படும். அரசியல் சட்டத் திருத்த மசோதாக்களைப் பொறுத்தவரை இந்த வாய்ப்பும் இல்லை. 1971-ஆம் ஆண்டின் 24-ஆவது திருத்தத்திற்குப் பின், அவற்றுக்கு ஒப்புதல் அளிப்பது கட்டாயமாகும்.

ஒப்புதல் நிறுத்திவைக்கப்பட்ட நிகழ்ச்சிகள் மிக அரியவை. 1954-இல் பெப்சு மாநில ஒதுக்கீட்டு மசோதா ஒப்புதலுக்கு வந்தபோது, அங்கு நடைமுறையில் இருந்த குடியரசுத் தலைவர் ஆட்சி முடிவுக்கு வந்துவிட்டிருந்தது. பாராளுமன்றத்துக்கு அம்மாநிலத்தின் வரவு செலவில் அதிகாரம் இல்லாமற்போன நிலையில் ராஜேந்திர பிரசாத் ஒப்புதல் அளிக்கவில்லை. 1991-இல் பாராளுமன்ற உறுப்பினர்களின் ஊதியம், ஓய்வூதியம் பற்றிய திருத்த மசோதா, மக்களவை கலைவதற்கு முந்தைய இறுதி நாளில், தேவையான முன் பரிந்துரை பெறப்படாமலே நிறைவேறியது, ஆர். வெங்கட்ராமன் ஒப்புதலை நிறுத்திவைத்தார். இரண்டிலும் குறை, நடைமுறையில் கண்ட குறையே. கொள்கை மாறுபாடு அன்று.

மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு 2006-இல் கிடைக்கிறது. ஆதாயம் தரும் பதவி வகிப்போரைத் தகுதியிழப்பிலிருந்து விலக்கும் மசோதாவில், விலக்குப் பெறும் பதவிகளின் பட்டியல் விரிவாக்கப்பட்டிருந்தது. எந்தப் பதவியை விலக்குவது என்பதற்கு எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் பொதுவான அளவுகோல் வேண்டும் என்று கூறி, டாக்டர் அப்துல் கலாம் அதை மே 30-இல் திருப்பி அனுப்பினார். அவைகள் மாற்றமின்றி மீண்டும் நிறைவேற்றின. ஆகஸ்ட் 18-இல் அவர் கையொப்பமிட்டார். மசோதா மாறவில்லை, ஆயினும் அந்தக் கேள்வி நாடெங்கும் விவாதிக்கப்பட்டது.

மூன்றாவதாக, விதியில் எழுதப்படாத ஒரு வழியும் உண்டு. ஒப்புதல் அளிப்பதற்கு 111-ஆவது விதி நாட்கணக்கு எதையும் குறிக்கவில்லை. திருப்பி அனுப்புவதானால் 'இயன்ற விரைவில்' அனுப்ப வேண்டும் என்று மட்டுமே கூறுகிறது. அமெரிக்க அதிபருக்கு ஞாயிறு நீங்கலாகப் பத்து நாட்களே உண்டு. இந்த இடைவெளியைப் பயன்படுத்தியவர் கியானி ஜெயில் சிங். கடிதங்களை இடைமறிக்க அரசுக்கு விரிந்த அதிகாரம் தந்த 1986-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகத் திருத்த மசோதாவுக்கு அவர் ஒப்புதல் அளிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அடுத்து வந்த வெங்கட்ராமன் புதிய அரசின் மறுபரிசீலனைக்காக அதைத் திருப்பி அனுப்பினார். அது சட்டமாகவே இல்லை. தனி மனிதரின் கடிதப் போக்குவரத்து ஒரு கையொப்பம் விழாததால் காக்கப்பட்டது என்று இதைப் பாராட்டுவோர் உண்டு. மக்கள் தேர்ந்தெடுத்த அவைகளின் முடிவு காலவரையின்றி முடங்கியது என்று குறை காண்போரும் உண்டு. 1898-ஆம் ஆண்டின் பழைய அஞ்சலகச் சட்டத்தின் இடத்தில் 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்தபோது, இடைமறிப்பு அதிகாரம் குறித்த அதே விவாதம் மீண்டும் எழுந்தது.

அவசரச் சட்டங்கள்

சட்டமியற்றுவதில் குடியரசுத் தலைவருக்கு நேரடியாக உள்ள மிகப் பெரிய அதிகாரம் 123-ஆவது விதியில் உள்ளது. இரு அவைகளும் ஒருங்கே கூட்டத்தொடரில் இல்லாத காலத்தில், உடனடி நடவடிக்கை தேவை என்று அவர் கருதினால் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். அது பாராளுமன்றச் சட்டத்துக்கு ஒப்பான வலிமை உடையது. அவைகள் மீண்டும் கூடிய ஆறு வாரங்களில் அது காலாவதியாகிவிடும். இரு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதம் மிகலாகாது என்பதால், ஓர் அவசரச் சட்டத்தின் நீண்ட ஆயுள் ஏறத்தாழ ஏழரை மாதமே.

பொருளாதார வரலாற்றில் நிலைத்த இடம்பெற்ற அவசரச் சட்டம் 1969 ஜூலை 19-இல் பிறந்தது. ஐம்பது கோடி ரூபாய்க்கு மேல் வைப்புத்தொகை கொண்ட 14 வணிக வங்கிகள் அன்று நாட்டுடைமையாயின. குடியரசுத் தலைவர் பொறுப்பில் இருந்த வி.வி. கிரி அதில் கையொப்பமிட்டு, மறுநாள் பதவி விலகினார். இரண்டே நாட்களில் பாராளுமன்றம் கூடவிருந்தது. அவ்வளவு அவசரம் என்ன என்ற வினா உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அதற்குள் அவசரச் சட்டத்தின் இடத்தில் பாராளுமன்றச் சட்டம் வந்துவிட்டதால், நீதிமன்றம் அவ்வினாவுக்கு விடை கூறவில்லை. இழப்பீட்டு முறை போன்ற காரணங்களுக்காக அச்சட்டத்தை 1970 பிப்ரவரி 10-இல் செல்லாதென்றது. நான்கு நாட்களில் புதிய அவசரச் சட்டம் வந்தது. வங்கிகள் அரசுடைமையாகவே நீடித்தன.

குடியரசுத் தலைவரின் கருத்தை எந்த நீதிமன்றமும் ஆராய இயலாது என்று 1975-இல் 38-ஆவது திருத்தம் கூறியது. அதை 44-ஆவது திருத்தம் நீக்கியது. அதன்பின் நீதிமன்றங்களின் கவனம், அவசரச் சட்டத்தையே வழக்கமான சட்டமியற்றும் முறையாக்கிக்கொள்ளும் போக்கின்மீது திரும்பியது. பீகார் மாநிலத்தில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் மீண்டும் மீண்டும் பிறப்பிக்கப்பட்டதை டி.சி. வாத்வா என்ற பொருளாதார ஆய்வாளர் கணக்கிட்டு வழக்குத் தொடுத்தார். சட்டமன்றத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இவ்வாறு செய்வது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவதாகும் என்று 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அவ்வழக்கு ஆளுநரின் அவசரச் சட்டங்களைப் பற்றியது. எனினும் கோட்பாடு இரண்டுக்கும் ஒன்றே. 2017 ஜனவரியில் கிருஷ்ண குமார் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு இதை மேலும் உறுதிசெய்து, அவசரச் சட்டத்தை அவையின்முன் வைப்பது கட்டாயம் என்றும் கூறியது.

நீதிமன்றம் தலையிடும் முன்னரே தடுக்கக்கூடிய இடத்தில் இருப்பவர் குடியரசுத் தலைவர். 1996 பொதுத் தேர்தலுக்குச் சற்று முன்பு, இரு அவசரச் சட்டங்கள் டாக்டர் சங்கர் தயாள் சர்மாவிடம் வந்தன. ஒன்று கிறித்தவத் தலித்துகளுக்கு இட ஒதுக்கீடு பற்றியது. மற்றொன்று தேர்தல் பிரசார காலத்தைக் குறைப்பது. தேர்தல் வாசலில் நிற்கும்போது இத்தகைய முடிவுகள் தக்கவையல்ல என்று கருதி அவர் கையொப்பமிடவில்லை. பிரசார காலம் அதே ஆண்டில் பாராளுமன்றச் சட்டத்தின் வாயிலாக முறைப்படியே குறைக்கப்பட்டது. நோக்கம் சரியானதாக இருந்தாலும் வழி தவறலாம் என்பதற்கு இது நல்ல சான்று. 2013-இல், தண்டனை பெற்ற சட்டமன்ற, பாராளுமன்ற உறுப்பினர்களைக் காக்கும் அவசரச் சட்ட முன்வடிவு வந்தபோது, பிரணாப் முகர்ஜி அமைச்சர்களை அழைத்து விளக்கம் கேட்டார். பொதுமக்களிடையேயும் ஆளுங்கட்சிக்குள்ளேயும் எதிர்ப்பு வலுக்கவே, அக்டோபர் தொடக்கத்தில் அமைச்சரவை அதைக் கைவிட்டது.

மாநில மசோதாக்கள்

ஆளுநர் ஒரு மாநில மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கென ஒதுக்கிவைக்கலாம். பொதுப் பட்டியலில் உள்ள ஒரு பொருள் பற்றி மாநிலச் சட்டமும் மத்தியச் சட்டமும் முரண்பட்டால் மத்தியச் சட்டமே மேலோங்கும். ஆனால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் அம்மாநிலத்தில் செல்லும் என்று 254-ஆவது விதி விலக்களிக்கிறது. பல்வேறு மாநிலங்கள் தத்தம் சூழலுக்கேற்ப மத்தியச் சட்டங்களை மாற்றிக்கொள்ள இவ்வழி பயன்பட்டுள்ளது. 2017 ஜனவரி 23-இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய ஜல்லிக்கட்டுக்கான திருத்த மசோதாவுக்கு ஜனவரி 31-இல் ஒப்புதல் கிடைத்தது. அச்சட்டம் செல்லும் என்று 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் கூறியது. மருத்துவப் படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்விலிருந்து விலக்குக் கோரி அதே சட்டமன்றம் 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றிய மசோதாவுக்கோ ஒப்புதல் மறுக்கப்பட்டது. அச்செய்தி 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஒன்று எட்டு நாட்களில் முடிந்தது. மற்றொன்றுக்கு மூன்று ஆண்டுகள் கடந்தன.

இங்கு ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பாராளுமன்ற மசோதாவை மறுமுறை நிறைவேற்றினால் ஒப்புதல் கட்டாயம். 201-ஆவது விதியின்கீழ் வரும் மாநில மசோதாவைச் சட்டமன்றம் மறுமுறை நிறைவேற்றினாலும் ஒப்புதல் கட்டாயமன்று. திருப்பி அனுப்பப்பட்ட மசோதாவை ஆறு மாதத்தில் பரிசீலிக்க வேண்டும் என்ற காலக்கெடு சட்டமன்றத்துக்கே உண்டு. குடியரசுத் தலைவருக்கு இல்லை.

இக்குறையை நீக்க முற்பட்டது 2025 ஏப்ரல் 8-இல் தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு. ஒதுக்கிவைக்கப்பட்ட மசோதாக்கள்மீது மூன்று மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று இரு நீதிபதிகள் அமர்வு கூறியது. அதனால் எழுந்த ஐயங்களைத் தீர்க்க, குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 143-ஆவது விதிப்படி 14 வினாக்களை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். 2025 நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் தம் கருத்தை வழங்கினர். அரசியல் சட்டம் குறிக்காத காலக்கெடுவை நீதிமன்றம் குறிக்க இயலாது என்றும், காலம் கடந்ததாலேயே ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ள முடியாது என்றும் அவர்கள் கூறினர். அதே வேளையில், சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பாமல் ஆளுநர் மசோதாவை வெறுமனே முடக்கிவைக்க இயலாது என்றும், காரணம் கூறாமல் நெடுங்காலம் வாளாவிருப்பின் முடிவெடுக்குமாறு மட்டும் நீதிமன்றம் பணிக்கலாம் என்றும் விளக்கினர். ஆக, காலத்தைப் பற்றிய கேள்வி அரசியல் பொறுப்புணர்வின்பாற்பட்டதாகவே விடப்பட்டுள்ளது.

சட்டம் நடைமுறைக்கு வருதல்

ஒப்புதல் கிடைத்த நாளே சட்டம் செயற்படத் தொடங்கும் என்பது 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தின் விதி; சட்டத்திலேயே வேறு ஏற்பாடு இருந்தால் இது பொருந்தாது. அவ்வாறு 'மத்திய அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்' என்ற தொடர் இன்று பெரும்பாலான சட்டங்களில் காணப்படுகிறது. பாரதிய நியாய சன்ஹிதா 2023 டிசம்பர் 25-இல் ஒப்புதல் பெற்று, 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. காவல் நிலையங்களும் நீதிமன்றங்களும் ஆயத்தமாக அந்த இடைவெளி தேவைப்பட்டது. ஊதியத் தொகுப்புச் சட்டம் 2019-இலும், ஏனைய மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2020-இலும் ஒப்புதல் பெற்றன; நான்கும் 2025 நவம்பர் 21-இல்தான் நடைமுறைக்கு வந்தன.

இவற்றைவிட வியப்புக்குரியது ஒன்று உண்டு. தடுப்புக் காவலில் வைக்கப்படுவோருக்குக் கூடுதல் பாதுகாப்பு அளிக்கும் 44-ஆவது திருத்தத்தின் 3-ஆவது பிரிவு, பாராளுமன்றத்தால் நிறைவேற்றப்பட்டது; ஒப்புதலும் பெற்றது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் அறிவிப்பு இன்றுவரை வெளியாகவில்லை. அறிவிப்பு வெளியிடுமாறு அரசைப் பணிக்க இயலாது என்று ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சட்டம் இயற்றப்படுவதற்கும் அது மக்களைச் சென்றடைவதற்கும் இடையே எத்துணை தொலைவு இருக்கக்கூடும் என்பதை இது காட்டும்.

நடைமுறைப்படுத்தலில் குடியரசுத் தலைவரின் பெயரைத் தாங்கி இயங்குவது நிர்வாக இயந்திரமே. 77-ஆவது விதிப்படி, எந்த அமைச்சகம் எதைக் கவனிக்கும் என்பதையும், எது அமைச்சரவைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் 1961-ஆம் ஆண்டின் அலுவல் விதிகள் பகுத்துள்ளன. 309-ஆவது விதிப்படி அரசு ஊழியர்களின் பணி விதிகளும், 299-ஆவது விதிப்படி அரசின் ஒப்பந்தங்களும் அவர் பெயரால் அமைகின்றன. ஒப்பந்தங்களுக்கு அவரோ கையொப்பமிட்ட அலுவலரோ தனிப்பட்ட முறையில் பொறுப்பாளி ஆவதில்லை. அந்தமான் நிகோபார், லட்சத்தீவுகள் போன்ற ஒன்றியப் பகுதிகளுக்கு 240-ஆவது விதிப்படி அவர் பிறப்பிக்கும் ஒழுங்குமுறைகள் பாராளுமன்றச் சட்டத்தையே மாற்றவல்லவை. மத்தியச் சட்டங்கள் பலவற்றைக் களத்தில் செயற்படுத்துவோர் மாநில அரசுகளின் அலுவலர்களே என்பதும் மறக்கலாகாதது.

வளர்ச்சிப் பணிகளுக்கு அடிப்படையான சில ஏற்பாடுகளும் அவர் ஆணையில் தொடங்குகின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதிக் குழு அமைப்பது 280-ஆவது விதிப்படி அவரே. அதன் பரிந்துரை பாராளுமன்றத்தின்முன் வைக்கப்படுகிறது. பட்டியல் சாதிகளும் பட்டியல் பழங்குடிகளும் எவை என்பதை 1950-இல் குடியரசுத் தலைவரின் ஆணைகள் வரையறுத்தன. ஆணை வெளியான பின்னர் அப்பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ பாராளுமன்றச் சட்டத்தால் மட்டுமே முடியும்.

1975 கற்பித்த பாடம்

1975 ஜூன் 25 இரவு, உள்நாட்டுக் குழப்பத்தைக் காரணமாகக் காட்டும் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் பக்ருதீன் அலி அகமது கையொப்பமிட்டார். அமைச்சரவை கூடி அதை ஏற்றது மறுநாள் காலையில்தான். 'ஆலோசனை' என்பது ஒரு பிரதமரின் கடிதமா, அமைச்சரவையின் கூட்டு முடிவா என்ற கேள்வி அன்று எழுப்பப்படவில்லை. எழுப்பியிருந்தால் ஓர் இரவாவது காத்திருக்க நேர்ந்திருக்கும். அமைச்சரவையின் முடிவு எழுத்துவடிவில் வந்தாலன்றிக் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்யலாகாது என்று 352-ஆவது விதியில் 44-ஆவது திருத்தம் சேர்த்த வாசகம், அந்த இரவின் அனுபவத்திலிருந்து பிறந்ததாகும்.

குடியரசுத் தலைவர் ஏற்கும் உறுதிமொழி, அரசியல் சட்டத்தையும் சட்டத்தையும் பேணிக் காப்பதாகும். ஆனால் காப்பதற்கென அவருக்குத் தரப்பட்டவை வினா எழுப்பும் உரிமையும் மறுமுறை எண்ணச் சொல்லும் வாய்ப்புமே. ஒவ்வொரு மசோதாவையும் தடுப்பவராக அவர் மாறினால், மக்கள் தேர்ந்தெடுத்த பாராளுமன்றம் பொருளற்றதாகிவிடும். வருவதையெல்லாம் வினவாமல் ஏற்பவராக இருந்தால், அப்பதவி பொருளற்றதாகிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியில் மிகுதியாகப் பயன்பட்டவை, உரிய நேரத்தில் கேட்கப்பட்ட ஒரு கேள்வியும் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு கோப்புமே என்பதை மேலே கண்ட நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன. அவர் பெயரால் நாள்தோறும் கையொப்பமிடும் அலுவலருக்கும் இது பொருந்தும். ஆணை தம்முடையதன்று என்பதால், அது சட்டத்திற்கு உட்பட்டதுதானா என்று ஒருமுறை பார்க்கும் கடமை அவரை விட்டு நீங்கிவிடுவதில்லை.